பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

மவுஸின் மேல் சந்தனம் எப்படி இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. இடது பொத்தானில் ஒரு பொட்டு, வலது பொத்தானில் ஒரு பொட்டு, நடுவில் இருக்கும் சின்னச் சக்கரத்தின் மேல் குங்குமம். அம்மா மோதிர விரலால் தொட்டுத் தொட்டு வைத்தது. பெட்டி மாதிரி பருத்திருந்த அந்தப் பழைய மானிட்டரின் நெற்றியில் மூன்று கோடு விபூதி. கீபோர்டின் மேல் ஒரு மஞ்சள் சாமந்தி. பக்கத்தில் செய்தித்தாள் விரித்து, அப்பாவின் கொழுந்து வெட்டும் கத்தரி, விறகு பிளக்கும் பாராங் கத்தி, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தன. மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில், அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரை வைத்துக் கும்பிட்டது எங்கள் வீடு ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னாக்கா, அப்படியே டிவிக்கும் ஒரு பொட்டு வெச்சிர வேண்டியதுதானே லா?" அம்மா சிரிக்கவில்லை. "டிவி எனக்கு என்னா செஞ்சுச்சு? இது செஞ்சிருக்கு" என்றாள். அக்காவுக்கு அது புரிந்திருக்கும். அந்த வரிசையில் புரியாதவர்கள் யாரும் இல்லை.

அப்பா அடிப்பார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. நல்லவர்களைப் பற்றித்தான் நினைவுக் குறிப்பு எழுத வேண்டும் என்றால் நான் இப்போதே பேனாவை மூடிவிட வேண்டியதுதான். ரப்பர் பூட்ஸ் காலால் மிதித்து அம்மாவின் இடது தோளெலும்பை ஒரு தடவை உடைத்தார். குழம்புச் சட்டியை எறிந்ததில் அவளுக்கு முன்பல் ஒன்று போயிற்று. எனக்கு வலது காது மந்தம். பதின்மூன்று வயதில் குறுக்கே போய் நின்றதற்கு வாங்கிய அறை அது. அறைந்துவிட்டு, "படிக்கிற புள்ளை, ஒனக்கு இங்க என்னா வேலை?" என்று அக்கறையாக வேறு கேட்டார்.

அவர் தோட்டத்தில் மிஷின்காரர். தேயிலை வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று தூக்கிக்கொண்டு நடக்கும் கொழுந்து வெட்டும் மிஷின் அது. காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் கையில் கிடந்து உதறும். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கை நிற்காது, தேத்தண்ணி கிளாஸைப் பிடித்தால் கிளாஸ் மேசையில் தாளம் போடும். அந்த நடுக்கம் யார் மேலாவது விழுந்தால்தான் அடங்கும் என்று அம்மா நம்பினாள். பாவம், அவளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆனால் அதே மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதே எட்டு மணி நேரம் நடந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் தன் பெண்டாட்டி மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது, "அவரு வேற, இவரு வேற" என்று என் வாயை மூடிவிட்டாள்.

லைன் வீட்டுச் சுவர் வெறும் பலகைதான். இங்கே தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் அடி விழும் சத்தம் கிளம்பினால் இரண்டு பக்கத்து வீடுகளிலும் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அடுத்தவன் மானத்தைக் காது கொடுத்துக் கேட்கக்கூடாது என்பது அதன் மரியாதை. எத்தனையோ சாயங்காலம் இந்தப் பக்கம் நாடகமும் அந்தப் பக்கம் பாட்டும் அலற, நடுவில் அம்மா அடி வாங்கினாள். மறுநாள் குழாயடியில் வீங்கிய முகத்தைப் பார்த்து, "அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துக்க தாயி" என்பார்கள். அந்தக் கை அணைத்ததை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் என்னால்தான் வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. தானா ராத்தாவில் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கேட்டு வாங்கினேன். தோட்டத்து லோரி டிரைவர் அண்ணன் உரச்சாக்குகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெண் அதில் ஏகப்பட்ட விளையாட்டுகளை ஏற்றி வைத்திருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி. திரை முழுக்க ஒரு பழைய பங்களாவின் அறை இருக்கும். பொம்மை, பூச்சாடி, கடிகாரம், கந்தல் துணி என்று இடம் இல்லாமல் சாமான் குவிந்து கிடக்கும். கீழே ஒரு பட்டியல்: சாவி, இறகு, குடை, மெழுகுவத்தி. அந்தக் குவியலுக்குள் ஒளிந்திருக்கும் அவற்றைத் தேடிப் பிடித்துக் கிளிக் செய்ய வேண்டும். சுடுவது கிடையாது, ஓடுவது கிடையாது. பின்னால் மெதுவாக ஒரு பியானோ வாசித்துக்கொண்டிருக்கும். ஹோட்டலில் கஸ்டமரிடம் திட்டு வாங்கிய பிறகு பத்து நிமிஷம் விளையாடினால் எனக்கு நெஞ்சு லேசாகும்.

ஒரு நாள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். எனக்கு முதுகு விறைத்துப்போனது. பிறகு, "அந்தா, அந்தத் தொப்பிக்குக் கீழ பாரு. கத்தரிக்கோலு" என்றார். பார்த்தால் கத்தரிக்கோல். நான் கால் மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தது. "எந்திரி" என்றார். எழுந்தேன். அவர் உட்கார்ந்தார்.

அந்த விளையாட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. கண்ட இடத்தில் பட்பட்டென்று தட்டினால் அதற்குக் கோபம் வந்துவிடும். அம்புக்குறி கிறுகிறுவென்று சுற்றும், பத்து விநாடிக்கு எதையும் தொட விடாது. முதல் நாள் அப்பா, "த்தூ, என்னா சனியன் இது" என்று மேசையை ஓங்கிக் குத்தினார். அடுப்படியில் அம்மா கையில் பிடித்த தட்டோடு அப்படியே நின்றாள். மானிட்டர் குதித்தது, அம்புக்குறி சுற்றிக்கொண்டேயிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஒரே வாரத்தில் மனிதர் பழகிவிட்டார். கையை மவுஸின் மேல் வைத்தபடி, தட்டாமல், கண்ணால் மட்டும் மூலைமூலையாகத் தேடி, நிச்சயம் தெரிந்த பிறகுதான் விரலை அழுத்துவார். இருபது வருஷம் அம்மாவின் உடம்பில் கண்ட இடத்திலும் விழுந்த கையை ஒரு பொம்மை விளையாட்டு பத்து விநாடித் தண்டனையில் திருத்திவிட்டது! எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவோ அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு ஒரு துணி தைத்து மூடினாள்.

பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பா தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவர். ஆகவே சாயங்காலம் நாலரை மணிக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். "ஃபெதர்னா இறகுப்பா." "லேடர்னா ஏணி." அவர் கண்டுபிடித்துவிட்டால் குதிப்பார். "அட திருட்டுப்பயலே, இங்கயா ஒளிஞ்சிருக்கே!" சில சமயம் என்னையும் வம்புக்கு இழுப்பார். "ஹோட்டல்காரம்மாவுக்குக் கண்ணு தெரியல, கண்ணாடி போடணும் போல." நான் சிரித்துவிடுவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே பனி இறங்கி ஜன்னலை மூடும். அவர் தோள் என் தோளில் இடிக்கும். ஒரு அப்பாவும் மகளும் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தோம். அடுப்படியிலிருந்து அம்மா மூச்சு விடும் சத்தம்கூட நிதானமாகக் கேட்கும்.

இனாமாக வரும் அந்த விளையாட்டுகளில் ஒரு கெடுபிடி இருந்தது. சிலது ஒரு மணி நேரம்தான் ஓடும். பிறகு காசு கட்டினால்தான் மேலே போகலாம் என்று திரையை மூடிவிடும். எனக்கு அது தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா கடைசிச் சாமானைத் தேடிக்கொண்டிருந்தபோது மூடிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். என்னைத் தொடவில்லை, கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைச் சட்டித் தண்ணீருக்குள் அழுத்தினார். நான் அவர் முதுகில் குத்தினேன், கடித்தேன். விடும்போது அம்மாவின் மூக்கிலும் வாயிலும் அரிசி ஒட்டியிருந்தது. இரண்டு பக்கத்திலும் டிவி உச்சத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் விளையாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் முழுசாக ஓடும் விளையாட்டுச் சிடிகள் வாங்கி அடுக்கினேன். கரண்ட் போனால் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிடுவாள். ஏழு மாதம் அவள் மேல் ஒரு அடி விழவில்லை. கன்னத்தில் சதை போட்டது. குழாயடியில் பாட்டு முணுமுணுத்ததாக அக்கா வந்து சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குத் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. தீபாவளி முடிந்து போய்ச் சேர வேண்டும். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷமா பயமா என்று தெரியாத முகத்தோடு கேட்டாள்: "நீ போயிட்டா அவருக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?"

நான் போனால் அம்மா அடி வாங்குவாள். போகாவிட்டால் நானும் அந்த வரிசையிலேயே கிடந்து யாராவது மிஷின்காரனைக் கட்டிக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுவேன். இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் போலிருந்தது. மூன்றாவது வழியை அம்மாதான் கண்டுபிடித்தாள். "எனக்குச் சொல்லிக் குடு" என்றாள். அவள் மூன்றாவது வகுப்போடு நின்றவள், தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். ஆங்கிலச் சொல்லைக் கோலம் போடுவது போலப் பார்த்துப் பார்த்து வரைவாள், பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதுவாள். மத்தியானம் அப்பா வருவதற்கு முன்னால் ஒப்பிப்பாள். "கீ, சாவி. ரோப், கயிறு. டிரம், மேளம்." புரட்டாசி பிறக்கும்போது இருநூறு சொல்லுக்கு மேல் தெரியும் அவளுக்கு. ஒரு நாள் அப்பாவுக்கு அவளே வாசித்துக் காட்டினாள். அவர் வாய் பிளந்து, "பரவால்லயே, வெள்ளைக்காரிச்சி!" என்றார். அம்மா வெட்கப்பட்டதை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

ஆயுத பூஜை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு அவள் எப்படி நன்றி சொல்வாள்? கத்தரிக்குப் பொட்டு வைத்தவள் கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். நோட்டையும் அதன் மேல் வைத்தாள். பூஜையில் வைத்த பொருளை அன்று முழுக்கத் தொடக்கூடாது. மறுநாள் காலை கற்பூரம் காட்டித்தான் எடுக்க வேண்டும். எங்களில் யாருக்கும் இது புதிதில்லை. அது ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு வேலை இல்லாத நாள், அவர் பொழுதெல்லாம் வீட்டில் இருக்கப்போகிறார் என்பதும் புதிதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எங்கள் இருவருக்கும் புத்தி வரவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் பூஜை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, மிஷின்காரர்களோடு சேர்ந்து குடித்துவிட்டு அப்பா ஒரு மணிக்கு வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "காலைல எடுத்துரலாம்ல?" என்று கேட்டார். "ஆமாங்க, கற்பூரம் காட்டிட்டு எடுத்துரலாம்" என்றாள் அம்மா. "சரி" என்றார். சண்டை இல்லை, வாக்குவாதம் இல்லை. கீழே சப்பணமிட்டு உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் விரல்கள் முழங்காலின் மேல் மடங்கி விரிந்து மடங்கின. அம்மா தட்டில் சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். படையலுக்குச் செய்ததை ருசி பார்க்கக்கூடாது என்பதால் உப்பு போட்டாளா மறந்தாளா என்று அவளுக்கே தெரியாது. அப்பா ஒரு வாய் போட்டார்.

தட்டு முதலில் அவள் நெற்றியில் பட்டது. பிறகு கூந்தலைச் சுற்றிப் பிடித்து நிலைக்கட்டையில் மோதினார். ஒரு தடவை. இரண்டாவது தடவை சத்தம் வேறு மாதிரி, ஈரமாகக் கேட்டது. அவள் சரிந்ததும் வயிற்றில் உதைத்தார். ஏழு மாதத்துக்கும் சேர்த்து உதைத்தார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டால் நிறுத்திவிடுவார். ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன்.

"தொடாதடி!" என்று கத்தினாள் அம்மா. தரையில் கிடந்து, வாயில் ரத்தத்தோடு. "பூஜையில இருக்கு! தொட்டா குடும்பத்துக்கு ஆகாது!"

அப்பா ஒரு காலை அவள் மேல் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா சொல்றது காதுல விழல? அதத் தொடாத."

இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். சாமிக்குப் பயந்த மனுஷன் அவர். மவுஸைத் தொட மாட்டார், கத்தரியைத் தொட மாட்டார், கத்தியைத் தொட மாட்டார். அவருடைய கையை மட்டும் யாரும் பூஜையில் வைக்கவில்லை, அதற்கு அன்றைக்கும் வேலை நாள்தான். அவர் மறுபடி குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேராக முஷ்டியை ஓங்கினார்.

அதைத் தொடாதே என்றார்கள். நான் அதைத் தொடவில்லை, பக்கத்தில் இருந்த பாராங் கத்தியை எடுத்தேன். சந்தனம் என் உள்ளங்கையில் வழுக்கியது. ஓங்கிய கையின் மணிக்கட்டில் வெட்டினேன். எலும்பில் மோதிய அதிர்ச்சி என் தோள் வரைக்கும் ஏறியது. ரத்தம் சுவரில் அடித்தது, சுண்டலில் விழுந்தது, நோட்டை நனைத்தது. அப்பா கத்தவில்லை. தொங்கும் கையை, அது வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு வெட்டு வெட்ட எனக்கு ஆசையாக இருந்தது. கத்தியை ஓங்கவும் செய்தேன். அதற்குள் அம்மா எழுந்து வந்து பளாரென்று என் கன்னத்தில் அறைந்தாள். "பூஜையில இருந்த கத்திய எடுத்துட்டியேடி, பாவி!" என்று சொல்லிவிட்டுத் தன் சேலையைக் கிழித்து அவர் மணிக்கட்டைக் கட்டினாள். அவள் நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் அந்தக் கட்டின் மேல் சொட்டியது.

லோரி டிரைவர் அண்ணன்தான் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "மிஷின் பிளேடுல மாட்டிக்கிச்சு" என்றார் அப்பா. அம்மா "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார், அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்கு எல்லா மிஷினும் மாலை போட்டுக்கொண்டு தொழிற்சாலையில் நிற்கிறது என்பது தோட்டத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். வேலை மேய்க்கும் மண்டோர் கேட்கவில்லை, கணக்கெழுதும் கிராணி கேட்கவில்லை, ஒரு மனிதர் வாய் திறக்கவில்லை. இருபது வருஷம் அப்பாவை மூடி வைத்த அதே மரியாதையால் என்னையும் மூடி வைத்தார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நரம்பு அறுந்துபோனதால் அப்பாவின் மூன்று விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. மிஷின் வேலை போய்க் காவல் வேலை கொடுத்தார்கள்.

தீபாவளி முடிந்து நான் ஈப்போவுக்குக் கிளம்பினேன். அம்மா என்னோடு பேசவில்லை. பெட்டியை மட்டும் சாலை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு அப்பா அவளை அடிக்கவில்லை. கை போனதால் நிறுத்தினாரா, மனசு வந்து நிறுத்தினாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. இடது கையால் மவுஸ் பிடிக்கப் பழகிக்கொண்டார். சில வருஷம் கழித்து ஒரு லீவில் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் வாசித்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஆட்டத்தப் பாரு. மொதத் தப்புக்கே நிறுத்திருது. நீங்க யாரும் நிறுத்தலையே." "அடி வாங்கறவங்கதான் வந்து நிறுத்தணுமாப்பா?" என்று கேட்டேன். அவர் வெகு நேரம் எதையோ தேடினார். "லேண்டர்ன்னா என்னா?" என்று கேட்டார். விளக்கு என்று சொன்னேன்.

இப்போது நான் தாதியாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அம்மா கோஸ் மூட்டை கட்டும் வேலைக்குப் போகிறாள். அறுபது வயதுக்குப் பிறகு அவளுக்கு வந்திருக்கும் பலத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஒரு கூடை கோஸை ஒற்றைக் கையால் லோரிக்குத் தள்ளுவாள். என்னோடு பேசவும் செய்கிறாள். அப்பா நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் அதே விளையாட்டை விளையாடுகிறார். இப்போது யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

போன மாதம் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மூன்று மணி பஸ்ஸுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா விளையாடியபடியே மடங்காத கையால் தேத்தண்ணியை எடுக்கப் போய்த் தட்டிவிட்டார். தரையெல்லாம் ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள், கையில் இரும்புக் கரண்டி. அவர் முதுகில் ஓங்கி அடித்தாள். ரொட்டி போடுவது போல அலுங்காமல், பழகிய கையாக.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒளிக்காமல் சொல்கிறேன். போடு, இன்னொன்று போடு என்று என் உள்ளே யாரோ கைதட்டினார்கள். அவள் இன்னொன்றும் போட்டாள். அப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, சின்னதாகச் சுருண்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் இன்னும் விழும் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிச் சுருளுவார்கள். ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் சுருண்ட பெண்களுக்குத் தினம் மருந்து கட்டுகிறேன். அவர் சட்டைக் காலர் விலகியபோது கழுத்துக்குக் கீழே கன்றிப்போன அடித்தடங்கள் தெரிந்தன. சிலது மஞ்சளாக, சிலது கருநீலமாக.

"எத்தன நாளாம்மா நடக்குது இது?" என்றேன்.

"அவரு நடத்துனதவிடக் கம்மிதான்" என்றாள்.

பதில் சரிதான். அதில் ஒரு தப்பும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவள் மூன்றாவது தடவை ஓங்கியபோது நான் பையைப் போட்டுவிட்டுப் போய்க் கரண்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாக இருந்தது. அம்மா இழுத்தாள். என்னைவிடப் பலசாலி அவள். என் கண்ணுக்கு நேரே பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "என்னா, என்னையும் வெட்டப் போறியா?"

அப்பா முழங்காலிலிருந்து முகத்தை எடுக்காமலே பேசினார். "நீ கெளம்பும்மா. பஸ்ஸு போயிரும்."

வெளியே மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் கரண்டியை விடவில்லை. அம்மாவும் விடவில்லை.